தம்பியை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு

தற்கொலைக்கு முயன்று உயிர் தப்பிய ஒருவரை வீட்டுக்கு அழைத்து வரும் குடும்பத்துக்கு, அடுத்த சில மாதங்கள் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. எங்களுக்கும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, பில் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்து, "பத்து நாள் கழிச்சு காட்டுங்க" என்றார்கள். கண்டம் தாண்டிவிட்டது என்ற நினைப்பில்தான் ஆட்டோ ஏறினோம். ஆனால் ஒருமுறை முயன்றவருக்கு அந்த எண்ணம் திரும்பி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மனநலச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதல் மூன்று மாதங்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். இது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். எனக்கு இது தெரிய வந்தபோது அந்தக் காலத்தில் பாதி ஓடிவிட்டது. இன்று எங்கேயோ ஒரு அக்காவோ அம்மாவோ அதே பிளாஸ்டிக் கவரோடு நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தம்பி சம்மதித்த பிறகே எழுதத் தொடங்கினேன். என்ன செய்தான், எப்படிச் செய்தான் என்பதை மட்டும் எழுத மாட்டேன். அது யாருக்கும் உதவாது, சிலருக்குக் கெடுதலாகவும் முடியும்.

நாங்கள் திருப்பூர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பனியன் தைக்கும் பவர் டேபிள் மெஷின்கள் சிலவற்றைப் போட்டு அப்பா ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தார். கொரோனா இரண்டாம் அலையில் அவர் போய்விட, முப்பதைத் தொடாத தம்பி அதை எடுத்து நடத்தினான். ஒரு பார்ட்டி பணத்தை இழுத்தடித்தது. சனிக்கிழமை சம்பளம் போட வெளியில் வாங்கினான், அந்த வட்டியைக் கட்ட இன்னொரு இடத்தில் வாங்கினான். எங்கள் ஊரில் இது பழைய கதைதான். நான் அடுத்த தெருவில் இருக்கிறேன், ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். கணவர் மஸ்கட்டில். மகள் ஏழாவது படிக்கிறாள். அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. அதனால் மருத்துவமனை, பணம், போலீஸ், சொந்தக்காரர்கள் எல்லாம் என் தலையில்தான் விழுந்தது.

ஊரே ஒரே காரணத்தைச் சொன்னது: கடன். எனக்கு அது பொருந்தவே இல்லை. எங்கள் தெருவில் கடன் இல்லாத வீட்டைக் காட்டுங்கள் பார்ப்போம். பிறகு அவனைப் பார்த்த மனநல மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் என்று எதுவும் கிடையாது, பல விஷயங்கள் ஒரே நேரத்தில் வந்து கூடும்போதுதான் ஆபத்து என்றார். தம்பி விஷயத்தில் அப்பாவின் சாவு இருந்தது. அப்பா நடத்திய தொழிலைத் தன் கையால் கெடுத்துவிட்டோம் என்ற தோல்வி இருந்தது. வட்டிக்காரர்கள் ஆள் முன்னால் வைத்துப் பேசிய அவமானம் இருந்தது. பல மாதங்களாகச் சரியான தூக்கம் இல்லை, தூக்கம் வருவதற்கென்று தொடங்கிய குடி வேறு. குடி அந்த நேரத்துத் துக்கத்தை மறக்கடிப்பதுபோலத் தெரியும். ஆனால் ஒரு எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவில் இருக்கிற தயக்கத்தைத்தான் அது முதலில் கரைக்கும் என்றார் மருத்துவர். தோல்வி ஒருபக்கம் அழுத்த, இதிலிருந்து வெளியே போக வழியே இல்லை என்ற எண்ணம் மறுபக்கம் அடைக்க, நடுவில் மாட்டிக்கொண்ட நிலை அது. பிரிட்டனில் உள்ள ராரி ஓ'கானர் என்ற ஆய்வாளர் இந்த மாட்டிக்கொண்ட உணர்வைத்தான் தற்கொலை எண்ணத்தின் மையமாக வைக்கிறார். கடன் வெளியில் தெரிகிறது, அதனால் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். கடனைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் மற்ற எதுவும் கண்ணில் படாது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிய வந்தது. பாலிடெக்னிக் படித்த காலத்தில் அவனுக்குத் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் இருந்திருக்கிறது. சித்திரை வெயிலில்கூட முழுக்கைச் சட்டைதான் போடுவான், அப்போது அது ஸ்டைல் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். மருத்துவர் கேட்டபோது அவனே சொன்னான்: "அப்ப சாகணும்னெல்லாம் இல்ல. உள்ளுக்குள்ள தாங்க முடியாம வரும். அப்படிச் செஞ்சா கொஞ்ச நேரம் அடங்கும்." பெரும்பாலானவர்களுக்கு அது அப்படித்தான் என்றார் மருத்துவர். சொல்லத் தெரியாத, தாங்க முடியாத உணர்ச்சியை அடக்குவதற்கு மனம் கண்டுபிடிக்கிற ஒரு வழி. கவனம் ஈர்ப்பதற்காகச் செய்வது என்றால் ஏன் இப்படி மறைக்கப் போகிறார்கள்? சாகும் எண்ணம் அப்போது இல்லாவிட்டாலும் பின்னாளில் தற்கொலை முயற்சிக்கான வாய்ப்பை அது கூட்டுகிறது, அதனால் லேசாக விடவும் கூடாது. உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இதைக் கண்டால் அடிக்காதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். "எப்ப இப்படித் தோணுது, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு" என்று கேளுங்கள். இந்த உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுக்கொடுக்கும் சிகிச்சை இருக்கிறது. அதை உருவாக்கிய மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளரே பதின்ம வயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தவர். 2011-ல் அதை வெளிப்படையாகச் சொன்னார். தம்பிக்கு இந்த விஷயத்தைச் சொன்னபோது முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

என்னை உலுக்கியது ஒரு நோட்டு. தம்பி கணக்கு எழுதும் நீளமான லெட்ஜர் நோட்டு. அவன் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். அந்தக் கடைசிப் பக்கங்கள் மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதி என்று அச்சடித்த மாதிரி எழுதியிருந்தான். அதன் அடியில் வீட்டுச் செலவு: அம்மா மருந்து, கரண்ட் பில், பால். அந்த வரிசையிலேயே தன் பெயரையும் எழுதி, எதிரே மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை போட்டிருந்தான். தன் சாப்பாடு, பெட்ரோல், போன். தன்னையே ஒரு செலவாக எழுதி வைத்திருந்தான்.

மருத்துவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டியபோது அவர் சொன்னதுதான் இந்த அனுபவத்திலேயே எனக்கு மிக முக்கியமானது. தாமஸ் ஜாய்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2005-ல் முன்வைத்த விளக்கம் அது. தற்கொலை எண்ணம் உள்ள மனத்தில் இரண்டு நம்பிக்கைகள் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். ஒன்று, நான் யாரோடும் சேர்ந்தவன் இல்லை என்பது. இன்னொன்று, நான் எல்லோருக்கும் பாரம், நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள் என்பது. வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அது சுயநலமாகத் தெரிகிறது, "எங்கள நினைச்சுப் பாக்கலையே" என்று ஆத்திரம் வருகிறது. உள்ளே இருப்பவருக்கோ அது நமக்குச் செய்கிற உதவியாகத் தெரிகிறது. நோய் போட்டுக் கொடுத்த தப்புக் கணக்கு அது. ஆனால் அவருக்கு அது நிச்சயமான கணக்கு. வலியின் மேலும் சாவின் மேலும் இயல்பாக இருக்கிற பயம் பழைய அனுபவங்களால் குறைந்துபோயிருந்தால் ஆபத்து இன்னும் கூடும் என்பது அந்த விளக்கத்தின் மூன்றாவது பகுதி. முழுக்கைச் சட்டைக்கும் இதற்கும் இருக்கிற தொடர்பு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதனால்தான், சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்து சொல்கிற வழக்கமான வார்த்தைகள் இவ்வளவு கெடுதல் செய்கின்றன. "அம்மாவ நினைச்சுப் பாத்தியா சாமி?" "உன்னால அக்கா எவ்வளவு அலையறா பாரு." எல்லாம் அன்பில் சொல்வதுதான். ஆனால் அவன் காதில் ஒவ்வொன்றும் அந்த நோட்டில் இன்னொரு வரியாக ஏறுகிறது. அத்தை ஒருத்தி பேசிவிட்டுப் போன அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. அடுத்த நாள் முதல் நான் வாசலிலேயே ஒரே பதிலை வைத்துக்கொண்டேன்: "உடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்பத் தேவலைங்க. டாக்டர் ஜாஸ்தி பேச வேண்டாம்னு சொல்லியிருக்காரு. காப்பி குடிச்சுட்டுப் போங்க." கோபித்துக்கொண்டவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். சொந்தக்காரர்களில் வாய் கொஞ்சம் பெரிதாக இருப்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அந்த மாதங்களில் அவர்களிடமிருந்து நோயாளியைக் காப்பதும் சிகிச்சைதான்.

பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதல் இழப்பு போலீஸ் பயத்தில் போனது. இப்படி வரும் கேஸை மருத்துவமனை போலீசுக்குத் தெரிவிக்கும், அவர்கள் வந்து வாக்குமூலம் எழுதிக்கொள்வார்கள், இது நடைமுறை. அதைப் பார்த்து மிரண்டிருந்த என்னிடம், கேஸ் ஆகாமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு புரோக்கர் 15,000 ரூபாய் வாங்கிப் போனார். கொடுக்கத் தேவையே இல்லாத பணம். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ன் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரை வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. வருகிற போலீஸ்காரரிடம் மரியாதையாகப் பேசுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள், யாருக்கும் பத்துப் பைசா தராதீர்கள்.

இரண்டாவது, தனியார் மருத்துவமனை பில். ஐசியூ, மருந்து எல்லாம் சேர்த்து 2,60,000 தாண்டியது. நகை அடகுக்குப் போனது. இன்சூரன்ஸ் கம்பெனி, தானே விளைவித்துக்கொண்ட பாதிப்பு என்று ஒரு வரியில் கிளெய்மைத் தள்ளிவிட்டது. அதோடு விட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அதே 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உடல் நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. அதைக் குறிப்பிட்டு, மனநல மருத்துவரின் சான்றிதழையும் வைத்துக் கம்பெனிக்கு எழுத்தில் முறையிட்டேன். பதில் சரியாக இல்லாததால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கிற, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனுக்கு அனுப்பினேன். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் வரை பதில் இல்லையென்றாலும் போகலாம். பல மாதம் இழுத்து, பாதிக்கும் குறைவாகத்தான் கைக்கு வந்தது, ஆனால் வந்தது. உங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் தெளிவாக இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். மூன்றாவதாக, அம்மாவின் மனத்திருப்திக்காக ஒரு பரிகாரம் செய்யப் போய் அங்கே 8,000. அதற்கு நான் வருந்தவில்லை, அம்மாவுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் அங்கே மாத்திரையை நிறுத்தச் சொன்னபோது மட்டும் நான் உறுதியாக மறுத்துவிட்டேன். தொடர் சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மாறினோம். மருத்துவர், மருந்து இரண்டுக்கும் செலவில்லை. காத்திருக்க வேண்டியிருந்தது, ஆனால் பார்த்தவிதத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

இனி வீட்டுக்கு வருவோம். டிஸ்சார்ஜ் அன்று நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, வீட்டில் எதையெதை அகற்ற வேண்டும் என்பது. மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள், அவர் வீட்டுக்கு ஏற்றபடி சொல்வார். தற்கொலை நெருக்கடி அலைபோல ஏறி இறங்குவது. அதன் உச்சம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் ஆபத்தானது கைக்கெட்டாமல் இருந்தாலே பலர் அதைக் கடந்துவிடுகிறார்கள். கடந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. மாத்திரைகளை நான் எடுத்துவந்து என் வீட்டுப் பீரோவில் பூட்டி, அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் கொடுத்தேன். மச்சான் ஒருவரை வரவைத்து பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றி, வெளியிலிருந்து தள்ளினாலும் திறக்கிற மாதிரி மாட்டினோம். தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் மறைக்காமல், "இது உன்ன நம்பாம செய்யல கண்ணு, அந்த நேரம் வந்தா உனக்கு உதவறதுக்கு" என்றேன். தலையாட்டினான்.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு இன்னும் அதிகமாகவும் ஆகும். இது தெரியாமல் ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று நிறுத்துபவர்கள் நிறைய. ஆரம்ப வாரங்களில் மனம் தெளிவதற்கு முன் உடம்பில் தெம்பு வந்துவிடலாம், அப்போது கவனம் கூட வேண்டும். படபடப்பு, இருக்க முடியாத தவிப்பு, தூக்கமே இல்லாத இரவு என்று ஏதாவது தெரிந்தால் அடுத்த ரிவ்யூ வரை காத்திருக்காதீர்கள். முக்கியமாக, திடீர் அமைதி. மருத்துவமனைக்குப் போன அந்த வாரத்துக்கு முன்னால் தம்பி ரொம்பத் தெளிவாக இருந்தான். டீக்கடைப் பாக்கியைத் தீர்த்தான், சமையல் கேஸ் புத்தகம் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் காட்டினான், சித்தப்பா பையனுக்குத் தன் கிரிக்கெட் பேட்டைக் கொடுத்தான். பார்த்தவர்கள் எல்லோரும் பையன் தேறிவிட்டான் என்றே நினைத்தார்கள். நீண்ட நாள் வாடியிருந்தவர் காரணமில்லாமல் லேசாகி, ஒவ்வொன்றாக ஒப்படைக்கத் தொடங்கினால் அன்றே கேளுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதுதான் எல்லோருக்கும் பயம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று நானும் பயந்தேன். அப்படி ஆவதில்லை, கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சுற்றி வளைக்காமல் கேட்கச் சொன்னார் மருத்துவர். "அப்படியெல்லாம் நினைக்கலையே?" என்று கேட்டால் 'இல்லை' என்ற பதிலை நாமே வாயில் திணிக்கிறோம். மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது கேட்டேன்: "சாகணும்னு எண்ணம் வருதா கண்ணு?" கொஞ்ச நேரம் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நேத்து வந்துச்சுக்கா. இன்னைக்கு இல்ல." என் கால் நடுங்கியது. ஆனால் அவன் முகத்தில் ஒரு இறுக்கம் விட்டதைக் கண்ணால் பார்த்தேன். எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, என்ன செய்யலாம் என்று யோசனை போனதா, எப்படித் தாண்டினாய் என்று கேட்டேன். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. "இன்னைக்கு எப்படி?" என்றால் என்ன கேட்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். இதை எழுதியதும் அவனிடம் படிக்கக் கொடுத்தேன். 'சாகணும்' என்ற சொல்லில் நிறுத்தி, "செத்துப் போகணும்னு இல்லக்கா. அந்த வலி நின்னாப் போதும்னுதான் இருந்துச்சு" என்றான். எட்வின் ஷ்னைட்மன் என்ற உளவியலாளரும் இதையே சொன்னார். தற்கொலையின் வேர் தாங்க முடியாத மனவலி, அந்த வலியைக் கொஞ்சம் குறைத்தாலே மனிதர் வாழ விரும்புவார் என்பது அவருடைய வாழ்நாள் முடிவு.

இன்னொரு விஷயம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஒருநாள் மருத்துவர் அவனிடம், சந்தோஷமாக இருந்த ஒரு நாளைச் சொல்லச் சொன்னார். "சின்ன வயசுல நல்லாத்தான் இருந்தோம்" என்றான். எந்த நாள், யார் இருந்தார்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் ஒன்றும் வரவில்லை. மறதி நோய் ஏதாவது இருக்குமோ என்று நான் பயந்தேன். 1986-லேயே மார்க் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர், தற்கொலைக்கு முயன்றவர்களிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார். குறிப்பான ஒரு நாளை நினைவிலிருந்து எடுக்க முடியாமல் எல்லாம் பொதுவாக, மங்கலாக வரும். முன்பு ஒரு சிக்கலிலிருந்து எப்படி வெளியே வந்தோம் என்பதே நினைவுக்கு வராவிட்டால், இப்போது வழி இருக்கிறது என்று மட்டும் எப்படித் தோன்றும்? நம்பிக்கையோடு இரு என்று சொல்வது அங்கே வேலை செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம். நான் குறிப்பான நினைவுகளைப் பேச ஆரம்பித்தேன். பவானி கூடுதுறையில் அப்பாவின் செருப்பு தொலைந்து அவர் வெறுங்காலில் பஸ் ஏறியது, முதல் ஓவர்லாக் மெஷின் வந்தபோது அதற்குப் பொட்டு வைத்தது அவன்தான் என்பது, இப்படி. முதலில் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தான். சில வாரம் கழித்து, "அது பச்சைக் கலர் மெஷின்" என்று அவனாகத் திருத்தினான்.

அரசு மருத்துவமனையில் ஆலோசகர் அவனோடு உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுத வைத்தார். பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இருவர் வடிவமைத்த முறை. ஒரே ஒரு தாள்தான். நெருக்கடி வருவதன் அறிகுறிகள், தனியாகச் செய்யக்கூடியவை, மனத்தைத் திருப்ப உதவும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவர் மற்றும் உதவி எண்கள், கடைசியாக வீட்டைப் பாதுகாப்பாக வைப்பது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடம் இதைப் பயன்படுத்தி, பிறகு போனில் தொடர்ந்து விசாரித்ததில், அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த செயல்கள் ஏறக்குறைய 45 சதவீதம் குறைவாக இருந்ததாக 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. தம்பியின் தாளில் அறிகுறி என்று அவன் எழுதியது: 'ராத்திரி ரெண்டு மணிக்குக் கணக்கு நோட்டு எடுப்பது', 'ஷேவ் பண்ணாமல் விடுவது', 'போனை சைலன்டில் போடுவது'. நாங்கள் யாரும் யூகித்திருக்க முடியாதவை. அதனால்தான் அந்தத் தாளை அவரவர் கையால் எழுத வேண்டும். மடித்து போன் கவருக்குப் பின்னால் வைத்திருக்கிறான். கூப்பிட வேண்டியவர்களில் முதல் பெயர் என்னுடையது இல்லை, அவனுடைய கட்டிங் மாஸ்டர் நண்பன். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அது அவன் தாள்.

இவ்வளவையும் பெரிய மருத்துவமனையில்தான் செய்ய முடியும் என்று நினைக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்தவர்களிடம் உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து ஊர்களில் ஓர் ஆய்வு செய்தது. அவற்றில் சென்னை ஒன்று, கொழும்பு ஒன்று. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்கு அதோடு வீட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேர உரையாடல், பிறகு பதினெட்டு மாதத்துக்குள் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. 2008-ல் வெளியான முடிவு: வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். படித்தபோது எனக்கு அழுகை வந்தது. தொடர்ந்து ஒருவர் கூப்பிட்டு "எப்படி இருக்கீங்க" என்று கேட்பதற்கு இவ்வளவு பலம் இருக்கிறதென்றால், அதை ஏன் ஒவ்வொரு டிஸ்சார்ஜ் கவரிலும் எழுதித் தருவதில்லை? எங்களுக்கு யாரும் கூப்பிடவில்லை. நான் என் கணவர், கட்டிங் மாஸ்டர், சித்தப்பா பையன் மூவரிடமும் ஆளுக்கு ஒரு கிழமை என்று பிரித்துக் கொடுத்தேன். அறிவுரை கூடாது, கடன் பேச்சு கூடாது, சும்மா கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். கணவர் மஸ்கட்டிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிட்டு அவனோடு கிரிக்கெட் பேசினார்.

பாரம் என்ற எண்ணத்துக்கு எதிராக வேலை செய்தது, அவன் தேவைப்படுகிறான் என்பதைச் சின்னச் சின்னதாக அவனே பார்த்ததுதான். நீ எங்களுக்கு முக்கியம் என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டான். என் மகளுக்குக் கணக்கு சொல்லித்தர ஆளில்லை, உண்மையிலேயே இல்லை. அவளே போய் நோட்டை நீட்டினாள். முதல் நாள் கால் மணி நேரம். பிறகு அவள் பரீட்சைக்கு அவன் எழுந்து உட்கார்ந்தான்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் இது நடக்கும். எனக்கு அவன்மேல் கடுமையான கோபம் இருந்தது. அவன் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து சமையலறையில் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். போன் அடித்தால் வயிறு பிசையும். சம்பளமில்லாத லீவு போய், வேலையே போகும் நிலை வந்தது. ஒரு இரவு நான் எனக்காக 14416-க்குக் கூப்பிட்டேன். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசில்லை. பேசிய பெண் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை, நான் அழுது முடிக்கும்வரை இருந்தார். பிறகு, இருபத்துநான்கு மணி நேரமும் ஒரு ஆளே கண்காணிக்க முடியாது, யாரையெல்லாம் சேர்க்க முடியும் என்று கேட்டார். கிழமை பிரிக்கிற யோசனை அந்தப் பேச்சில்தான் வந்தது.

கடன் விஷயம் கடைசியாகத்தான் தொட்டோம், மருத்துவர் சரி என்ற பிறகு. அதுவரை வட்டிக்காரர்களின் எண்ணெல்லாம் என் போனுக்கு வந்தது. அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அதைச் சொன்ன உடனே ஒருவர் பேச்சு மாறினார். மெஷினில் பாதியை விற்றோம். பேங்க் கடனுக்குத் தவணை மாற்றி வாங்கினோம். தம்பி இப்போது ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். மாத்திரை தொடர்கிறது. நல்லாத்தானே இருக்கிறான், எதற்கு மாத்திரை என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. மோசமான நாட்கள் இன்னும் வருகின்றன. போன மாதம் அவனே போன் செய்து, "அக்கா, நோட்டு எடுத்துட்டேன்" என்றான். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன், கட்டிங் மாஸ்டர் எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தார்.

நீங்கள் மருத்துவமனையில் இருந்தால், கிளம்பும் முன் இதையெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: மனநல மருத்துவர் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும், அடுத்த சந்திப்பு ஒரு வாரத்துக்குள் இருக்கட்டும், இரவில் கூப்பிட ஒரு எண், வீட்டில் எதை அகற்றுவது என்ற விவரம், பாதுகாப்புத் திட்டம். உங்களுக்கே அந்த எண்ணம் வந்துகொண்டிருக்கிறது என்றால் இப்போதே 14416-க்குப் பேசுங்கள், அல்லது சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்னேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பை 044-24640050 எண்ணில் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு, இலங்கையில் 1926. இப்போதே உயிருக்கு ஆபத்து என்றால் 108-ஐக் கூப்பிட்டு அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தனியாகப் போகாமல் பக்கத்து வீட்டுக்காரரையாவது கூட்டிக்கொள்ளுங்கள்.